மயில்கழுத்துக்கு எந்த டப்பா?

பிளாஸ்டிக் மாடல் செய்கிறவன் என்று தெரிந்ததும் வகுப்பில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவுடா ஆச்சு?" இரண்டாவது கேள்வி, "என்ன பெயிண்ட் அடிச்ச?" முதல் கேள்விக்கு நான் வீட்டில் ஒரு தொகை சொல்லி வைத்திருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும் :-) இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நிஜ விமானம், கப்பல், டாங்க் எதையாவது அளவு குறைத்து பிளாஸ்டிக்கில் செய்து, பாகம் பாகமாக ஒரு சட்டத்தில் ஒட்டியபடி பெட்டியில் போட்டு விற்பார்கள். அதற்கு கிட் என்று பெயர். வெட்டி எடுத்து, ராவி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, மேலே டிகால் என்னும் மெல்லிய படங்களை ஒட்டினால் மாடல் தயார். 1/72 என்றால் நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. உதாரணத்துக்கு மிக்-21 போர் விமானத்தின் இறக்கை அகலம் 7.15 மீட்டர். 1/72 மாடலில் அது பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும்.

பெயிண்ட் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் நிறத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். என் கணக்கில் நிறம் மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, இந்த பெயிண்ட் எதில் கரைகிறது? இரண்டாவது, காய்ந்த பிறகு பளபளக்குமா, மங்கலாக இருக்குமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துகொண்டு அதன்பிறகு நிறத்துக்கு வந்தால் காசு மிச்சம், மாடலும் மிச்சம்.

ஏன் கரைப்பான் முதலில் வருகிறது? கிட் செய்யும் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். டொலுவீன், அசிட்டோன் மாதிரி திரவங்கள் பட்டால் அது இளகிவிடும். மாடல் ஒட்டும் சிமென்ட் வேலை செய்வதே இதனால்தான். இரண்டு பாகங்களின் ஓரத்தையும் கொஞ்சம் கரைத்து, ஒன்றோடு ஒன்று கலக்க விட்டு, ஆவியாகிப் போய்விடும். ஒட்டுவதற்கு நல்லது. ஆனால் ஹார்ட்வேர் கடையில் "தின்னர்" என்று கேட்டால் கொடுக்கிற என்.சி. தின்னரிலும் இதே சமாச்சாரங்கள்தான் இருக்கின்றன. கார், பைக் டிங்கரிங் பட்டறையில் அடிக்கிற பெயிண்டை அந்தத் தின்னரோடு கலந்து ஈரமாக அப்பினால் இறக்கை மேல்தோல் சுருங்கும், கண்ணாடி பாகம் வெடிப்பு விடும். தகரத்துக்குச் செய்த பெயிண்ட் அது. பிளாஸ்டிக்கோடு சண்டை போட்டால் அதன் குற்றம் இல்லை.

மாடலுக்கு உதவுகிற பெயிண்டுகளை மூன்று குடும்பமாகப் பிரிக்கலாம்.

ஒன்று, எனாமல். இங்கிலாந்தின் ஹம்ப்ரோல் இதில் பழைய பெயர். 14 மில்லி தகரக் குப்பியில் வரும். எண் 33 என்றால் மங்கல் கறுப்பு, 34 என்றால் மங்கல் வெள்ளை. டர்பன்டைன் வகைத் திரவத்தில் கரையும், பிளாஸ்டிக்கைக் கடிக்காது. ஆனால் காய்வதற்கு ரொம்பப் பொறுமை வேண்டும். முதலில் திரவம் ஆவியாக வேண்டும், அப்புறம் எண்ணெய்ப் பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுக வேண்டும். தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு நாள், முழுசாக இறுக அதற்கு மேலும் சில நாள். நம்ம வீட்டு ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற எனாமலும் இதே குடும்பம்தான். ஆனால் அது கெட்டியாகவும் பளபளப்பாகவும் இருக்கும்படி செய்யப்பட்டது. சின்ன மாடலில் அடித்தால் கோடு, ஆணி எல்லாம் மறைந்துபோகும்.

இரண்டு, லாக்கர். ஜப்பானின் மிஸ்டர் கலர் இந்த வகை. சீக்கிரம் காயும், தோல் மாதிரி மெல்லிசாகப் படியும், பிடித்தால் விடாது. ஆனால் வாடை கடுமையாக இருக்கும், சீக்கிரம் தீப்பிடிக்கும். மூன்று பேர் படுக்கிற ரூமில், பக்கத்தில் கேஸ் அடுப்பு இருக்கிற வீட்டில் இதைத் திறக்கவே கூடாது. கொரோனா காலத்து என்-95 மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், இந்த ஆவியைத் தடுக்காது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். தீப்பிடிக்கும் பொருள் என்பதால் விமானத்தில் ஏற்றி அனுப்பக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆர்டர் போட்டால் தரை வழியாக மெதுவாகத்தான் வந்து சேரும்.

மூன்று, அக்ரிலிக். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்பெயினின் வயேஹோ தண்ணீரில் கரைவது. ஜப்பானின் தமியா அக்ரிலிக்கில் ஆல்கஹால் வகைக் கரைப்பான் உண்டு. அதற்குரிய தின்னரோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ சேர்த்தால்தான் ஒழுங்காக ஓடும். வயேஹோவில் அதே ஆல்கஹாலை ஊற்றினால் தயிர் திரிந்த மாதிரி ஆகிவிடும். இரண்டு புட்டியிலும் "அக்ரிலிக்" என்றுதான் எழுதியிருக்கும். அதனால் புட்டியில் நிறத்தின் பெயரைப் படிக்கும் முன் தின்னரின் பெயரைப் படியுங்கள். தமியா ஸ்ப்ரே டப்பாவிலும் இதே கதைதான். டி.எஸ். என்று ஆரம்பிக்கும் எண் பாலிஸ்டைரீனுக்கு. பி.எஸ். என்று ஆரம்பிப்பது ரிமோட் காரின் பாலிகார்பனேட் உடம்புக்கு.

மதுரையில் என்ன கிடைக்கும்? மாசி வீதிகளைச் சுற்றி ஹார்ட்வேர் கடைகளில் வீட்டு எனாமல், டர்பன்டைன், உப்புத்தாள் எல்லாம் கிடைக்கும். ஸ்டேஷனரி கடைகளில் கேம்லின் அக்ரிலிக், ஃபெவிக்ரில் எல்லாம் கிடைக்கும். ஹம்ப்ரோல், தமியா, வயேஹோ வேண்டுமென்றால் ஆன்லைன்தான். நான் செய்வது இதுதான். அடிப்பூச்சு, உலோக நிறம் இரண்டுக்கு மட்டும் மாடலுக்கென்று செய்த பெயிண்ட். மற்றதற்கு உள்ளூர் அக்ரிலிக், மெல்லிசாக மூன்று நான்கு கோட். துணிக்கும் காகிதத்துக்கும் செய்த அக்ரிலிக் வெறும் பிளாஸ்டிக்கில் பிடிக்காது, நகம் பட்டாலே உரியும். கீழே பிரைமர் இருந்தால் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து நம்ம ஊர் வெயில். டப்பாவில் எழுதியிருக்கும் "காயும் நேரம்" யாரோ குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. சித்திரைத் திருவிழா சமயத்தில் மொட்டை மாடியில் உட்கார்ந்து அக்ரிலிக் அடித்துப் பாருங்கள். பிரஷ்ஷை எடுத்து இறக்கைக்குக் கொண்டுபோவதற்குள் நுனியில் காய்ந்திருக்கும். அதனால் விடிகாலை, அல்லது ராத்திரி. தட்டில் ஈரத்துணி, அதன் மேல் பட்டர் பேப்பர், அதன் மேல் பெயிண்ட் என்று வைத்தால் ஒரு மணி நேரம் தாங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் பிரச்சினை நேர் எதிர். லாக்கரும் ஸ்ப்ரே வார்னிஷும் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரவைக்கும், காற்றிலுள்ள ஈரம் அதில் படியும், கறுப்பு பெயிண்ட் சாம்பல் பூத்துவிடும். மழை விடும்வரை டப்பாவைத் தொடாமல் இருப்பதே வைத்தியம்.

இரண்டாவது கேள்வி, பளபளப்பு. ஒரு சின்ன கணக்கு போடுவோம். பெயிண்ட் 0.1 மில்லிமீட்டர் கனம் என்று வையுங்கள். 1/72 கணக்கில் நிஜ விமானத்தில் அது 7.2 மில்லிமீட்டர். ஊத்தப்பம் கனத்துக்கு பெயிண்ட் அடித்த போர் விமானம் பறக்குமா? அதனால்தான் மெல்லிசு, மெல்லிசு என்று சொல்கிறோம். இன்னொரு கணக்கு. மாடலை ஒரு அடி, அதாவது 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம். நிஜ விமானத்தை 21.6 மீட்டர் தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம் அது. தள்ளி நின்று பார்க்கும்போது நிறம் கொஞ்சம் வெளிறித் தெரியும், பளபளப்பும் குறையும். அதனால் நிஜ விமானத்தின் பெயிண்டையே ஒரு சொட்டு கொண்டுவந்து அடித்தாலும் மாடலில் கருமையாகத் தெரியும் என்று இந்தத் துறையில் பலர் சொல்வார்கள். கொஞ்சம் வெள்ளை கலக்கச் சொல்வார்கள். ஆனால் டிகால் ஒட்டுவதற்கு முன் மட்டும் பளபளப்பு வார்னிஷ் கட்டாயம். மங்கலான சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று மாட்டி வெள்ளி வெள்ளியாகத் தெரியும். டிகால் ஒட்டி முடித்ததும் மேலே மங்கல் வார்னிஷ்.

இதெல்லாம் சரி. இப்போது மூன்றாவது கேள்விக்கு, நிறத்துக்கு வருவோம். அதற்கு என் பெரியப்பாவைக் கூப்பிட வேண்டும்.

பெரியப்பா திருமங்கலத்துக்காரர். 1969ல் விமானப்படையில் ஏர்மேனாகச் சேர்ந்து பதினைந்து வருஷம் மிக்-21 எஃப்.எல். விமானங்களில் வேலை பார்த்தவர். படையில் அதற்கு டைப் 77 என்று பெயர். அவர் ஓட்டியவர் இல்லை. ஏணி வைத்து ஏறி, காக்பிட்டுக்குள் தலையை விட்டு, திருகி, துடைத்து, சரிபார்த்து இறங்குகிற வேலை. எஃப்.எல். வகை 2013 டிசம்பரில் ஓய்வு பெற்றது. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 குடும்பத்துக்கே கடைசி விடை கொடுத்தார்கள். 1963ல் முதல் விமானங்கள் வந்ததிலிருந்து 62 வருஷம். பெரியப்பா அன்று டி.வி. முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. சாயங்காலம் எனக்கு போன் போட்டார். "தம்பி, நீ என்னமோ பிளேன் பொம்மை செய்வியாமே, எனக்கு ஒண்ணு செஞ்சு குடுறா. டைப் 77. உள்ள காக்பிட்டு கலரு மட்டும் கரெக்டா இருக்கணும்."

வெளிப்பக்கம் கஷ்டமில்லை. அந்தக் கால எஃப்.எல். வெறும் உலோக நிறத்தில் பளபளத்தது. பளபளக் கறுப்பு அடித்து, அதன் மேல் அலுமினிய நிறம் மெல்லிசாக அடித்தால் உலோகம் மாதிரியே வரும். 1971 போர் சமயத்தில் பல விமானங்களுக்கு அவசர அவசரமாகப் பச்சை, பழுப்பு அடித்து மறைத்தார்கள். ஒரு யூனிட்டில் அடித்த மாதிரி இன்னொரு யூனிட்டில் இருக்காது. அந்தக் காலப் படங்களைப் பார்த்தாலே தெரியும். "எந்தப் பச்சை பெரியப்பா?" என்று கேட்டேன். "அடிச்ச பச்சைதான்" என்றார். இதில் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவுக்கு ஃபெடரல் ஸ்டாண்டர்ட் 595, பிரிட்டனுக்கு பி.எஸ். 381சி, நமக்கு ஐ.எஸ். 5 என்று நிறங்களுக்கு எண் போட்ட பட்டியல்கள் உண்டு. மாடல் செய்கிறவர்கள் அந்த எண்ணுக்காகச் சண்டையே போடுவார்கள். ஆனால் போர் நேரத்தில் பிரஷ் பிடித்தவர் கையில் பட்டியல் இல்லை, வாளிதான் இருந்தது.

சிக்கல் காக்பிட்டில்தான். சோவியத் போர் விமானங்களின் உள்பக்கம் ஒரு தனி நிறம். நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. பெரியப்பாவிடம் கேட்டால் ஒரே வார்த்தையில் சொன்னார்: "மயில்கழுத்து."

பெயிண்ட் கம்பெனிக்காரர்களுக்கு இதை மொழிபெயர்த்துப் பாருங்கள்! நம்ம ஊரில் நிறத்தின் பெயரெல்லாம் துணிக்கடையிலிருந்து வருகிறது. வாடாமல்லி, அரக்கு, கிளிப்பச்சை, கத்தரிப்பூ. மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரிலேயே பட்டில் ஒரு நீலம் இருக்கிறது, எம்.எஸ். ப்ளூ. மயில்கழுத்து இவற்றிலும் விசேஷம். நல்ல மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். ஒன்று நீலம், ஒன்று பச்சை. சேலையைத் திருப்பத் திருப்ப ஒன்று மாற்றி ஒன்று தெரியும். அதாவது அது ஒரு நிறமே இல்லை, இரண்டு நிறத்துக்கு நடுவில் நடக்கிற ஒரு விஷயம். அம்மாவைக் கேட்டால் "நீலம் தூக்கலா இருக்கணும்" என்றார். பெரியம்மா "பச்சைதான் தூக்கல், என் கல்யாணச் சேலையே அதான்" என்றார். சேலை வெளியே வந்தது. டியூப் லைட்டில் அம்மா ஜெயித்தார், வாசலில் பெரியம்மா ஜெயித்தார்.

சிரிப்பதற்கு இல்லை, அம்மா செய்ததுதான் சரியான சோதனை. துணிக்கடையில் எந்தச் சேலையையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்காமல் எடுக்க மாட்டார். இரண்டு பொருள் ஒரு விளக்கில் ஒரே நிறமாகத் தெரிந்து, இன்னொரு விளக்கில் வேறாகத் தெரிவதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். மாடல் எந்த வெளிச்சத்தில் நிற்கப் போகிறதோ அந்த வெளிச்சத்தில் பெயிண்டைத் தேர்வு செய்ய வேண்டும். பெரியப்பா வீட்டில் அது டி.வி. ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஜன்னல்.

நிறத்தைச் சோதிக்க உலகம் முழுக்க மாடல்காரர்கள் பிளாஸ்டிக் கரண்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கலவை அடித்துப் பார்ப்பார்கள். நம் நாட்டில் 2022 ஜூலையிலிருந்து அந்தக் கரண்டிக்குத் தடை. நல்லதுதான். பதிலுக்கு என்னிடம் இருப்பது பழைய சிடி உறைகள். அவையும் பாலிஸ்டைரீன்தான், கிட் செய்த அதே பிளாஸ்டிக். உள்தட்டை ஏழு துண்டாக வெட்டி, பிரைமர் அடித்து, ஆறு சொட்டுக் கணக்கில் கலந்தேன். முதல் துண்டில் ஆறும் பச்சை. இரண்டாவதில் ஐந்து பச்சை, ஒரு நீலம். இப்படியே போய் ஏழாவதில் ஆறும் நீலம். எல்லாவற்றிலும் ஒரே அளவு வெள்ளை. எண்ணைப் பின்பக்கம் எழுதினேன். பட்டியல், படம், எண் எதுவும் காட்டாமல் ஜன்னல் ஓரத்தில் வரிசை மாற்றிப் பரப்பி வைத்து, பெரியப்பாவைக் கூப்பிட்டேன்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றை எடுத்து, "இதுதான். இதே கலரு" என்றார். திருப்பினேன். ஆறு. கிட்டத்தட்ட முழு நீலம். நான் பார்த்த காக்பிட் படங்கள் எல்லாமே நான்காம் துண்டுக்குப் பக்கத்தில் இருந்தன. நான்கைக் காட்டினேன். "இது பாசிப்பச்சைல்ல?" என்றார். இன்னும் இரண்டு நாள், வேறு வரிசை. அப்போதும் ஆறு.

பக்கத்தில் நின்ற பெரியம்மா மெதுவாகச் சொன்னார், "உங்க பெரியப்பாவுக்கு இப்பல்லாம் ஞாபகம் தப்புதுடா. போன வாரம் பச்சை சட்டையை எடுன்னா நீலத்தை எடுக்குறாரு." பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. துண்டுகளை அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, "நீயே ஏதாவது ஒண்ணு அடிச்சிருடா" என்று உள்ளே போய்விட்டார். பதினைந்து வருஷம் தினமும் தலையை விட்டுப் பார்த்த நிறம். அதுவே மறந்துவிட்டது என்றால் இன்னும் என்னென்ன போகுமோ என்ற பயம் அந்த வீட்டில் அன்று எல்லோருக்கும் வந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த மாதமே அவருக்குக் கண் பரிசோதனை இருந்தது. அரவிந்த் கண் மருத்துவமனை, அண்ணா நகர். 1976ல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கையோடு ஆரம்பித்த இடம் என்பது மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண், பிறகு இடது என்று முடிவானது.

புரை என்றால் பார்வை மங்கும் என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தபோது விஷயம் வேறு. வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மஞ்சளாகிறது, முற்றினால் பழுப்பாகவே ஆகிவிடும். மஞ்சள் கண்ணாடி எதைத் தடுக்குமோ அதையே இதுவும் தடுக்கும்: நீலத்தை. வருஷக்கணக்கில் மெல்ல நடப்பதால் பார்க்கிறவருக்கே தெரியாது. ஓவியர் கிளாட் மோனேவுக்கு இது நடந்தது. புரை முற்றிய காலத்தில் அவருடைய தோட்டப் படங்கள் செம்பழுப்பாகிவிட்டன. 1923ல் வலது கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு நீலம் அளவுக்கு மீறித் தெரிகிறது என்று தவித்தார்.

இன்னொரு விஷயம் படித்ததும் நான் கையிலிருந்த பெயிண்ட் புட்டியைப் பார்த்தேன். புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கிற செயற்கை லென்ஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? போர் விமானத்திலிருந்து! இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானிகளின் காக்பிட் மூடி உடைந்து, அந்த அக்ரிலிக் சில்லுகள் சிலர் கண்ணுக்குள் தங்கிவிட்டன. வேறு எந்தத் தூசி உள்ளே போனாலும் கண் சிவந்து புண்ணாகும். இந்தச் சில்லைக் கண் சகித்துக்கொண்டது. லண்டன் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி இதைக் கவனித்து, அதே வகை அக்ரிலிக்கில் லென்ஸ் செய்து 1949 நவம்பர் 29 அன்று முதல்முறையாக ஒருவர் கண்ணில் வைத்தார். வெளிநாட்டு லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தபோது, அதை மதுரையிலேயே செய்ய 1992ல் அரவிந்த் தொடங்கியதுதான் ஆரோலேப். அக்ரிலிக் பெயிண்டைப் பிடித்து வைக்கிற பிசினும் அந்த லென்ஸும் வேதியியலில் நெருங்கிய சொந்தம்.

ஆபரேஷன் முடிந்து, சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் போனேன். ஏழு துண்டுகளையும் எடுத்துப் போனேன். அதே ஜன்னல், காலை பத்து மணி. இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்க்கச் சொன்னேன். ஆறை எடுத்தார். "என்னடா இது, இங்க் புட்டி மாதிரி?" என்று கீழே வைத்தார். வரிசையில் போனார். நான்காவதில் நின்றார். நகர்ந்து ஐந்துக்குப் போய், மறுபடி நான்குக்கே வந்தார். "இதுதான்டா."

"இப்ப வலதை மூடிக்கிட்டு இடது கண்ணால பாருங்க பெரியப்பா."

பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தார். ஆபரேஷன் செய்யாத கண் இன்னும் ஆறைத்தான் கேட்டது. இரண்டு துண்டையும் பெரியம்மாவிடம் நீட்டி, "எனக்கு ஞாபகமெல்லாம் ஒண்ணும் போகலை. கண்ணாடிதான் அழுக்கு" என்றார். பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது தெரியும் எனக்கு" என்றார்.

காக்பிட்டுக்கு நான்காம் துண்டின் கலவை அடித்தேன். மூன்று பச்சை, மூன்று நீலம். எந்தக் கம்பெனி பட்டியலிலும் இதற்கு எண் கிடையாது. தட்டு முழுக்க அடித்தது சுண்டு விரல் நகம் அளவு இடத்தில். மூடியை ஒட்ட ஃபெவிகால்தான். சூப்பர் க்ளூ ஆவி பட்டால் தெளிவான பிளாஸ்டிக் பனி படர்ந்த மாதிரி வெளுக்கும், ஃபெவிகால் காய்ந்தால் தெரியவே தெரியாது. வால் பக்கம் மூவர்ணம், இறக்கையில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை வட்டம்.

ஆக, என்ன பெயிண்ட் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில். பிளாஸ்டிக்கைக் கடிக்காத பெயிண்டை வாங்குங்கள். உங்கள் வீட்டில் மூச்சு விடுகிறவர்களுக்கு ஒத்துவருவதாக இருக்கட்டும். அதுவரை டப்பா சொல்வதைக் கேட்கலாம். நிறத்துக்கு மட்டும் டப்பா எண்ணை நம்பி உட்காராதீர்கள். நாலு துண்டு அடித்து, மாடல் நிற்கப் போகிற வெளிச்சத்தில் வைத்து, யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வது உங்களுக்கு வேறாகத் தெரிந்தால் உடனே "மறந்துட்டீங்க" என்று சொல்லிவிடாதீர்கள். அறுபது தாண்டியவராக இருந்தால் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

பெரியப்பாவுக்கு அடுத்த மாதம் இடது கண். ஏழு துண்டுகளையும் அவரே வாங்கி டி.வி. ஸ்டாண்ட் டிராயரில் வைத்துக்கொண்டார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, "மயில்கழுத்து எது, சொல்லு பாப்போம்" என்று கேட்கிறாராம். இதுவரை இரண்டு பேர் ஒரே துண்டை எடுக்கவில்லை என்று பெரியம்மா சொல்கிறார். உங்கள் வீட்டில் எது?